சம்பளம் ஏறியது, பிள்ளைகள் காசு இறங்கியது: இந்த ஜூலைக் கணக்கு யாருக்காவது விளங்குகிறதா?

மழலைத்தாய் | 4 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். ஜூன் மாதம் வரை சைல்ட் டாக்ஸ் காசு, அதாவது பிள்ளைகளுக்காக அரசாங்கம் மாதாமாதம் தருகிற காசு, 1,072 டாலர் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. ஜூலை 18 அன்று பார்த்தால் 586. ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு கடிதம் வந்தது. பிழை இல்லையாம், அதுதான் தொகையாம்.

எங்கள் நிலைமை இது. 2023 இல் கணவர் மட்டும் வேலை செய்தார், 55,000. நான் 2024 ஜனவரியில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்தேன். அந்த வருடம் எனக்கு 34,000, கணவருக்கு 57,000. ஜூனில் சின்னவனின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்துச் செலவு செய்துவிட்டோம், ஜூலைக் காசை நம்பித்தான். இப்போது மாமியார் தினமும் சொல்கிறார், "நீ அரசாங்கத்துக்குத்தான் உழைக்கிறாய்" என்று. வேலையை விட்டால் பழைய தொகை திரும்பி வருமா?

இரவுப்பணி | 4 ஆகஸ்ட் 2025, இரவு 11.15

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை, அக்கா. எனக்கு மூன்று பிள்ளைகள். மனைவி வீட்டில். கிடங்கில் மேலதிக நேர வேலை தருகிறேன் என்று மேற்பார்வையாளர் கேட்டால் இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் சனி ஞாயிறு பாராமல் உழைத்தேன், அடுத்த ஜூலையில் பிள்ளைகள் காசைக் குறைத்துவிட்டார்கள். தூங்கியிருந்தால் உடம்பாவது மிஞ்சியிருக்கும்.

மார்க்கம் மாமா | 5 ஆகஸ்ட் 2025, காலை 7.05

நான் 1988 இல் வந்தவன். அப்போது குடும்பக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. 1945 இல் தொடங்கியது. சம்பளம் பார்க்காமல் தாயின் பெயருக்குக் காசோலை அனுப்பினார்கள். பின்னாட்களில்தான் பெரிய சம்பளக்காரரிடமிருந்து வரி வழியாகத் திரும்பப் பிடித்தார்கள். 1993 முதல் அது போய், வருமானம் பார்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 2006 இல் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 100 டாலர் எல்லோருக்கும் என்றார்கள், ஆனால் அதற்கு வரி கட்ட வேண்டியிருந்தது. இப்போது இருப்பது 2016 ஜூலையில் வந்தது. இதற்கு வரி இல்லை, வருமானம் கூடினால் தேய்ந்துகொண்டே போகும். எனக்குத் தனிப்பட்ட முறையில் பழையதுதான் பிடிக்கும். தாய்க்கு ஒரு மரியாதையாவது இருந்தது.

கணக்குப்பிள்ளை | 5 ஆகஸ்ட் 2025, மாலை 6.30

தங்கச்சி, ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லுங்கள். ஜூனில் பிறந்தநாள் கொண்டாடிய சின்னவனுக்கு எத்தனை வயது முடிந்தது?

(நான் பதினைந்து வருடமாக மற்றவர்களின் வரிப் படிவம் நிரப்புகிறவன். கேள்வி சும்மா கேட்கவில்லை.)

மழலைத்தாய் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 8.12

ஆறு. மூத்தவளுக்கு ஒன்பது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு அண்ணா?

கணக்குப்பிள்ளை | 5 ஆகஸ்ட் 2025, இரவு 10.50

நிறையத் தொடர்பு இருக்கிறது. உங்களுக்குக் குறைந்தது 486 டாலர். அதில் 104 டாலருக்கும் உங்கள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அது பிறந்தநாள் கேக் வெட்டியதால் போனது.

2025 ஜூலை தொடங்கி 2026 ஜூன் வரைக்கும் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருடம் அதிகபட்சம் 7,997 டாலர். ஆறு முதல் பதினேழு வரை 6,748. பிள்ளைக்கு ஆறு முடிந்த அடுத்த மாதமே குறைந்த தொகைக்கு மாற்றிவிடுவார்கள். வித்தியாசம் 1,249, மாதத்துக்கு 104. நீங்கள் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் இது குறைந்திருக்கும். ஜூன் பிறந்தநாளும் ஜூலைக் கணக்கும் ஒன்றாக வந்ததால் இரண்டும் ஒரே அடியாகத் தெரிந்தது.

இன்னொரு 84 டாலர் கனடா அரசு கொடுத்ததே அல்ல. ஒன்ராறியோ மாகாணத்தின் பிள்ளைக் கொடுப்பனவு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே வரவாகப் போடுவதால் யாருக்கும் பிரித்துத் தெரிவதில்லை. மாகாணத்துடையது இந்த வருடம் ஒரு பிள்ளைக்கு 1,727 வரை. குடும்ப வருமானம் 26,364 ஐத் தாண்டியதும் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 8 சதம் வெட்டுவார்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் 69,500 அளவில் முற்றாக நின்றுவிடும். உங்கள் வீடு 55,000 இலிருந்து 91,000 க்குப் போனதால் அது முழுவதும் போய்விட்டது.

மிச்சம் 298 டாலர்தான் நீங்கள் கேட்கிற உண்மையான குறைப்பு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் 37,487 வரை வெட்டு இல்லை. அதற்கு மேல் 81,222 வரை ஒவ்வொரு டாலருக்கும் பதின்மூன்றரைச் சதம். அதையும் தாண்டினால் வெட்டு ஐந்தே முக்கால் சதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 5.7. வருமானம் ஏற ஏற வெட்டு கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே தலைகீழ். நடுவில் நிற்பவனுக்குத்தான் வெட்டு ஆழம்.

உங்கள் 91,000 க்கு: முதல் கட்டத்தில் 5,904, இரண்டாவது கட்டத்தில் 557. மொத்தம் 6,461 வெட்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் 13,496 இல் அதைக் கழித்தால் 7,035 அளவு, மாதம் 586. இந்தக் காசைக் கணக்கிடுகிற கனடா வருவாய் முகமை சதக் கணக்கில்கூடப் பிழை விடவில்லை.

மழலைத்தாய் | 6 ஆகஸ்ட் 2025, காலை 6.20

கேக்குக்கு 104 டாலர் என்பதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி, ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. வேலையை விட்டால்?

மார்க்கம் மாமா | 6 ஆகஸ்ட் 2025, காலை 8.00

விடாதே பிள்ளை.

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட் 2025, இரவு 9.25

மாமா சொன்னது சரி, நான் காரணத்தைச் சொல்கிறேன்.

இந்தக் காசு எப்போதும் பின்னால் பார்த்து நடக்கிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வருகிற தொகை 2024 வருமானத்தை வைத்து. நீங்கள் நாளைக்கே வேலையை விட்டாலும் 2025 இல் ஏழு மாதச் சம்பளம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அது அடுத்த ஜூலைத் தொகையைப் பிடித்து இழுக்கும். வேலையே செய்யாத முழு வருடம் 2026 தான். அதன் பலன் 2027 ஜூலையில். அதாவது சம்பளம் இந்த மாதமே நிற்கும், காசு முழுதாகத் திரும்ப இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

இதே காலதாமதம் போன வருடம் உங்களுக்கு உதவியாக இருந்தது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. 2024 ஜனவரியில் வேலைக்குப் போனீர்கள். 2025 ஜூன் வரைக்கும் சம்பளமும் வந்தது, பழைய பெரிய தொகையும் வந்தது. பதினெட்டு மாதம் இரண்டு பக்கமும் வரவு. அதைத்தான் "நம் வருமானம்" என்று மனம் பழகிவிட்டது. என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப்பேர் அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் புது வாகனத்துக்குத் தவணை எழுதுகிறார்கள்.

இப்போது மாமியாருக்குச் சொல்ல ஒரு கணக்கு. உங்கள் 34,000 இல் ஓய்வூதியப் பங்கு, வேலையிழப்புக் காப்புறுதி, வரி எல்லாம் போய்க் கைக்கு ஏறத்தாழ 28,000. நீங்கள் வீட்டில் இருந்தபோது உங்கள் கணவர் உங்களைத் தன்னைச் சார்ந்தவராகக் காட்டி வரியில் கழிவு பெற்றார். அது போய்விட்டது, மத்திய மாகாண வரி இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 2,900. வேலை காரணமாகக் குறைந்த பிள்ளைகள் காசு வருடத்துக்கு 4,600 அளவு. ஜிஎஸ்டி காசில், அதாவது விற்பனை வரிக்கு ஈடாக அரசாங்கம் தருகிற காசில், ஒரு 500. எல்லாவற்றையும் கழித்தால் ஏறத்தாழ 20,000 மிஞ்சுகிறது. 34,000 க்கு உழைத்து 20,000 என்பது வயிற்றெரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பூச்சியம் அல்ல. உங்கள் பெயரில் ஓய்வூதியம் சேர்கிறது, அதை மாமியார் கணக்கில் எடுக்கமாட்டார்.

இரவுப்பணி | 7 ஆகஸ்ட் 2025, அதிகாலை 4.40

இடைவேளையில் எழுதுகிறேன். அண்ணா, அக்காவுக்குக் கணக்கு சரி. எனக்கு? என் சம்பளம் 60,000, மூன்று பிள்ளைகள், மூவரும் பள்ளிக்கூடம். மேலதிக நேரத்தில் 100 டாலர் உழைத்தால் எனக்கு எவ்வளவு?

கணக்குப்பிள்ளை | 7 ஆகஸ்ட் 2025, இரவு 8.45

தம்பி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

வரி ஏறத்தாழ 30. ஓய்வூதியப் பங்கும் காப்புறுதியும் ஏழரை. மூன்று பிள்ளைகள் என்றால் முதல் கட்டத்து வெட்டு பதின்மூன்றரை அல்ல, 19. மாகாணக் கொடுப்பனவு 8. மூன்று பிள்ளைகளுக்கு அது 91,000 வரை நீளும், ஆகையால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். ஜிஎஸ்டி காசு 5. கூட்டினால் 100 இல் ஏறத்தாழ 69 போகிறது. 31 டாலர் மிஞ்சும். நீங்கள் சனிக்கிழமை தூங்கியது முட்டாள்தனம் இல்லை.

இந்த ஊரில் கோடீஸ்வரனிடம்கூட ஒரு டாலருக்கு இவ்வளவு பிடிப்பதில்லை. ஒவ்வொரு திட்டத்தையும் ஒவ்வொரு அலுவலகத்தில் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான வீதம் வைத்தார்கள். ஒரே வீட்டின் மேல் ஐந்தும் ஒன்றாக விழும் என்று யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதே கத்திக்கு மறுபக்கம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது உங்கள் மொத்தச் சம்பளத்தை அல்ல. படிவத்தின் 23600 ஆம் வரியில் இருக்கிற நிகர வருமானத்தை. (இந்த 'வரி' கோடு. கட்டுகிற வரி அல்ல. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்குத் தொழில் ரீதியாகப் பெரிய தொல்லை.) பதிவுசெய்த ஓய்வூதிய சேமிப்பு, அதாவது ஆர்ஆர்எஸ்பி, அந்தக் கோட்டுக்கு மேலேயே கழிகிறது. நீங்கள் 5,000 டாலரை அதில் போட்டால் வரியில் 1,300 அளவு திரும்பும். அடுத்த ஜூலை தொடங்கி பிள்ளைகள் காசு இரண்டிலும் சேர்த்து 27 வீதம், 1,350 கூடும். போட்ட காசில் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது, போட்ட காசும் உங்களுடையதாகவே இருக்கிறது. தனி ஆள் ஒருவருக்கு, பிள்ளை இல்லாதவருக்கு, இந்த இரண்டாவது 1,350 கிடையாது.

இரவுப்பணி | 8 ஆகஸ்ட் 2025, அதிகாலை 3.55

5,000 டாலரை எடுத்து வைக்கிற நிலையில் இருந்தால் நான் ஏன் இரவுப்பணி செய்கிறேன் அண்ணா? வாடகை 2,700.

கணக்குப்பிள்ளை | 8 ஆகஸ்ட் 2025, மாலை 7.10

ஏற்றுக்கொள்கிறேன். இது காசு இருப்பவனுக்கு மேலும் காசு கொடுக்கிற வழிதான்.

ஒன்றே ஒன்று. சில நிறுவனங்களில் மேலதிக நேரச் சம்பளத்தைக் கையில் தராமல் நேரே நிறுவனத்தின் குழுச் சேமிப்பில், அதாவது குழு ஆர்ஆர்எஸ்பியில், போடச் சொல்லலாம். வீட்டு வரவு செலவு மாறாது, வாடகை வழக்கமான சம்பளத்தில் போகும், சனிக்கிழமை உழைப்பு மட்டும் டாலருக்கு 31 சதமாகச் சுருங்காமல் இருக்கும். உங்கள் இடத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தூங்குங்கள்.

மார்க்கம் மாமா | 8 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

சேமிப்பில் போடுவதைச் சொல்கிறீர்கள், எடுப்பதையும் சொல்லுங்கள். என் மருமகன் சமையலறையை மாற்றிக் கட்ட ஆர்ஆர்எஸ்பியிலிருந்து 20,000 எடுத்தான். அது முழுவதும் அந்த வருட வருமானமாகிவிட்டது. அடுத்த ஜூலையில் என் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். அலமாரி மட்டும் மிக அழகாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 8 ஆகஸ்ட் 2025, இரவு 9.48

முதல் வீடு வாங்கும் திட்டத்தின் கீழ் எடுத்தால் வருமானமாகக் கணக்கிடமாட்டார்கள், 60,000 வரை. சமையலறைக்கு அந்தச் சலுகை இல்லை, மாமா. அவசரத்துக்கு எடுக்கக்கூடிய காசை வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், அதாவது டிஎப்எஸ்ஏயில், வைத்திருப்பது நல்லது. போடும்போது கழிவு இல்லை, எடுக்கும்போது இந்தக் கணக்கில் தலைகாட்டாது.

புதுவரவு | 9 ஆகஸ்ட் 2025, மதியம் 1.15

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து போன மார்ச்சில் வேலை அனுமதியில் வந்தோம். ஒரு குழந்தை. எங்களுக்கு இது உண்டா? ஊரில் உள்ள வீட்டு வாடகையையும் காட்ட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை | 9 ஆகஸ்ட் 2025, மாலை 5.00

தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் தொடர்ந்து 18 மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 19 ஆவது மாதத்தில் செல்லுபடியாகும் அனுமதி இருக்க வேண்டும். அதற்கு முன்பு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தால் காத்திருக்க வேண்டாம். ஊர் வாடகையைக் காட்டத்தான் வேண்டும், உலகில் எங்கே வந்தாலும் வருமானம் வருமானம்தான். கணவன் மனைவி இருவரும் வருமானம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் முடிவதற்குள் படிவம் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும்.

நெறியாளர் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 11.02

இங்கிருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டே பிரிந்துவிட்டதாக எழுதிக்கொடுக்கும் யோசனைகளுக்கு இந்த இழையில் இடமில்லை.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட் 2025, காலை 10.20

நீக்கியது நல்லது. நீக்குமுன் படித்தவர்களுக்காக: உண்மையாகப் பிரிந்தவர்களுக்கே 90 நாள் தனியாக வாழ்ந்த பிறகுதான் கணக்கு மாறும். முகமை சந்தேகப்பட்டால் வீட்டு ஒப்பந்தம், மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் கேட்கும். வாங்கியதைப் பல வருடம் பின்னோக்கித் திரும்பக் கேட்பார்கள். அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மழலைத்தாய், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?

மழலைத்தாய் | 10 ஆகஸ்ட் 2025, மதியம் 2.30

பள்ளிக்கூடத்திலேயே மாலை ஆறு மணி வரை வைத்திருப்பார்கள், அதற்குக் கட்டணம் கட்டுகிறோம். போன வருடம் இருவருக்கும் சேர்த்து 4,800. மாமியாருக்கு முழங்கால் வலி.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட் 2025, மதியம் 2.41

உங்கள் படிவத்தில் 21400 ஆம் கோட்டில் அந்த 4,800 இருக்கிறதா?

மழலைத்தாய் | 10 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

இல்லை. படிவம் போட்டுக் கொடுத்தவர் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. பற்றுச்சீட்டுகள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட் 2025, இரவு 10.30

டப்பாவை இறக்குங்கள். பிள்ளைப் பராமரிப்புச் செலவை இருவரில் குறைந்த சம்பளக்காரர் கழிக்க வேண்டும், அது நீங்கள். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடம் 8,000 வரை, பெரியவளுக்கு 5,000 வரை. போன டிசம்பரில் சின்னவனுக்கு ஐந்து வயதுதான், ஆகையால் முழுவதும் அடங்கும். இதுவும் 23600 க்கு மேலேயே கழிகிறது. இணையத்தில் உங்கள் கணக்குக்குள் போய் நீங்களே திருத்தலாம். பத்து வருடம் வரை பின்னோக்கித் திருத்த விடுவார்கள். யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

மழலைத்தாய் | 7 அக்டோபர் 2025, இரவு 9.15

இழையை மறுபடியும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். திருத்தம் செய்து இப்போது கடிதம் வந்துவிட்டது. வரியில் 960 டாலர் திரும்பியது. பிள்ளைகள் காசு மாதம் 22 டாலர் 80 சதம் கூடியிருக்கிறது, ஜூலையிலிருந்து சேர்த்துத் தந்திருக்கிறார்கள். வேலையை விடவில்லை.

960 ஐ என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் பாதியை ஆர்ஆர்எஸ்பியில் போட்டோம், மீதியில் மாமியாருக்கு முழங்கால் பட்டி வாங்கினோம், ஒரு நல்ல சோடிக் காலணியும். அரசாங்கத்துக்கு உழைக்கிறாய் என்று அவர் இப்போதும் சொல்கிறார். காலணி கொஞ்சம் இறுக்கமாம்.

இரவுப்பணி | 8 அக்டோபர் 2025, அதிகாலை 4.10

அக்கா, எங்கள் இடத்தில் குழுச் சேமிப்பு இருக்கிறதாம், நான்கு வருடமாக யாரும் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.